உங்கள் கண்ணில் படத்தான் பஸ் ஏறினேன்

என் அன்பான எஸ்தர் அக்காவுக்கு,

அன்பான என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் உயிரோடு இருந்தவரைக்கும் இந்த வார்த்தை என் வாயிலிருந்து உங்களுக்கு வந்ததில்லை. இப்போது எழுதினால் பொய்யாகிவிடுமோ என்று கூச்சமாக இருக்கிறது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. இருக்கட்டும்.

நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வேதப்புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் தமிழ் பழகினேன். இதை என் பேத்தி ஷீலா பிழை திருத்தி ஈப்போ சபையின் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறாள். அவர்கள் என்னிடம் கேட்டது ஒரு சாட்சி. முழு இருதயத்தோடு ஆண்டவரைத் தேடிய தாய் என்று தலைப்பும் அவர்களே வைத்துவிட்டார்கள். அதற்குக் கீழே எழுத எனக்கு ஒரு வரிகூட இல்லை அக்கா. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். அவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் ஊர்ச் சேதி. உங்கள் சின்னக் கோயிலின் தகரக் கூரையை மாற்றிவிட்டார்கள். இப்போது மழை பெய்தாலும் பிரசங்கம் காதில் விழுகிறதாம். சாவி உங்கள் மகள் ரூபியிடம் இருக்கிறது. உங்களைப் போலவே சத்தமாகப் பாடுகிறாள், உங்களைப் போலவே ராகம் தப்பிப் பாடுகிறாள். நம் எஸ்டேட் இருந்த இடத்தில் இன்னொரு தாமான், புதுக் குடியிருப்பு, எழும்புகிறது. ரப்பர் மரம் ஒன்றுகூட மிச்சமில்லை.

மரம் போனால் என்ன, எனக்கு ஞாபகம் போகவில்லை. யார், எந்த நாளில், என்ன சேலை கட்டிக்கொண்டு, என்னை என்ன சொன்னார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். நீங்கள் அன்றைக்குக் கட்டியிருந்தது ஊதா நிறச் சுங்கடிச் சேலை.

பத்திரிகை வாசிக்கிறவர்களுக்காக அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா வீடு மாரியம்மனைக் கும்பிட்ட வீடு. உங்கள் கொழுந்தன் சாமுவேலைக் கட்டுவதற்காக நான் பழைய ஈயச் சுரங்கத்துக் குட்டைத் தண்ணீரில் முங்கி, லீதியாள் என்று பேர் வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு ஓரகத்தியாக வந்தேன். ரப்பர் பால் வெட்டுகிற வெட்டுக்காட்டில் உங்கள் மரவரிசையும் என் மரவரிசையும் பக்கத்தில் பக்கத்தில்தான். விடிவதற்கு முன்னால், கத்தியை வைக்கும் முன்பு, முதல் மரத்தை வலது கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். என் அம்மா செய்தது. கத்தி வழுக்கக் கூடாது, பாம்பு மிதிபடக் கூடாது, பால் எடுப்பதற்குள் மழை வரக் கூடாது. ஞானஸ்நானம் எடுத்த பிறகும் கை அதன்பாட்டுக்குப் போய்விட்டு வந்தது.

நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அந்த வெள்ளிக்கிழமை உங்கள் லயத்து வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். நான் அடுப்படியில் கோப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"நம்ம லீதியா இருக்காளே, தல ஈரங்கூட காயல, காலைல மொத மரத்தத் தொட்டுக் கும்புடுறா" என்றீர்கள். "ஆண்டவருக்காகவா முங்கினா? எங்க சாமுவேலுக்காக முங்கினவ தானே."

"அந்த மரத்துக்கு ஒரு மாலையையும் போட்டுரு லா, லீதி!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு, "கோப்பி எங்கடி?" என்று என்னையே கேட்டீர்கள்.

கொண்டுவந்து கொடுத்தேன். அதுதான் அந்த வீட்டில் நான் கடைசியாக ஆற்றிய கோப்பி.

அன்றைக்குச் சாயங்காலம் சாமுவேல் என்னைச் சமாதானம் செய்து பார்த்தார். "அண்ணிக்கு வாய்தான் லா. மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாங்க."

"எனக்கு மனசு இருக்கு. நான் வச்சுக்குவேன்" என்றேன். "இனிமே அவங்க பாடுற கோயில் வாசல நான் மிதிச்சா, செருப்பால அடிங்க."

அவர் செருப்பைத் தொடவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமையே என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஈப்போ சபைக்குப் போனார். அவர் கண்ணை மூடிய பிறகு நான் பஸ் பிடித்தேன். எஸ்டேட் விற்று நாமெல்லாம் சிம்பாங் பூலாய்ப் பக்கம் தாமான் வீட்டுக்கு வந்தோம். சின்னக் கோயிலுக்கும் அங்கேயே ஒரு மூலையில் இடம் கொடுத்தார்கள். என் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரம். நான் அதைத் தாண்டி இரண்டு பஸ் மாறி ஈப்போவுக்குப் போனேன்.

பஸ் நிற்கிற இடம் உங்கள் கோயில் கேட்டுக்கு நேர் எதிரே. அதை ஆண்டவர் எனக்காகவே வைத்துக் கொடுத்தார் என்று நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பஸ் வர நேரம் கிடக்கும்போதே போய் நிற்பேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. வீட்டில் இருந்த பெரிய எழுத்து வேதத்தை, பையில் வைக்காமல், நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பேன். நீங்கள் கேட்டில் நின்று வருகிறவர்களைக் கையைப் பிடித்துக் கூப்பிட்டுக்கொண்டு, நடுநடுவே ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்புவீர்கள். நான் முதுகை நிமிர்த்திக்கொள்வேன். பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா, யாருக்காக முங்கினவள் என்று நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை, காய்ச்சல், முட்டி வலி எதற்கும் நின்றதில்லை. நீங்கள் வெள்ளிக்கிழமை உபவாசம் என்று கேள்விப்பட்டால் நான் புதன்கிழமையும் சேர்த்துக்கொள்வேன். முழங்காலில் நின்று கண்ணீர் விட்டு ஜெபிப்பேன். கண்ணீர் நிஜம்தான். ஆனால் ஜெபத்தின் அடியில் எப்போதும் நீங்கள் இருந்தீர்கள். ஆண்டவரே, நான் யார் என்று அவளுக்குக் காட்டும். வேறு எந்த வார்த்தையில் தொடங்கினாலும் கடைசியில் அங்கேதான் போய் முட்டுவேன். ஆண்டவரைக் கூப்பிட்டதே உங்களுக்குச் சாட்சி சொல்லத்தான்.

ஈப்போவில் அது யாருக்குத் தெரியும்? ஜெபத் தாய் என்று பேர் வைத்தார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து தலையில் கை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்.

நீங்கள் போன செய்தி வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். உபவாசக் கூட்டம். கைப்பேசியில் ஷீலா, "பாட்டி, பெரிய பாட்டி போயிட்டாங்க. நான் வந்து ஏத்திக்கவா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லி ராத்திரி அங்கேயே தங்கிவிட்டேன். மறுநாள் மத்தியானம் அடக்கம். அன்றைக்கும் கூட்டம் இருந்தது. பாதியில் எழுந்து வந்திருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்திருக்கலாம். எழுந்தால் பார்க்க வேண்டி வருமே என்றுதான் எழவில்லை. ஆசீர்வாத ஜெபம் முடியும்வரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். நான் வந்து சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. ரூபி என்னைப் பார்த்தாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் குளித்து, சேலை கட்டி, வேதத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய் நின்றேன். எதிரே கேட்டில் யாரும் இல்லை. பஸ் வந்தது. டிரைவருக்கு என்னைத் தெரியும், மலாயில் அத்தை என்றுதான் கூப்பிடுவார், கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க மாக்சீக்."

கால் எழவில்லை அக்கா. வலி ஒன்றும் இல்லை. ஏற வேண்டும் என்று தோன்றவே இல்லை. கையால் போகச் சொன்னேன். அடுத்த பஸ்ஸையும் விட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தேன். ஆண்டவர் ஈப்போவில் இருக்கிறார் என்றால் அவர் அன்றைக்கும் அங்கேதானே இருந்திருப்பார்? அவரைப் பார்க்கப் போகிறவளாக இருந்தால் நான் ஏறியிருக்க மாட்டேனா? செத்தது நீங்கள், நின்றுபோனது என் பக்தி. இது எந்த ஊர் நியாயம்?

அடுத்தடுத்த வாரங்களிலும் போகவில்லை. ஷீலாவிடம் முட்டி வலி என்றேன். அதை நம்பி ஈப்போவிலிருந்து போதகரும் பெண்கள் சங்கத் தலைவி கமலா டீச்சரும் மைலோவும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். போதகர் சின்னப் பையன் மாதிரி இருப்பார், நல்லவர்.

"பாட்டிம்மா, ஆண்டு விழாவுல ஒங்களுக்குப் பொன்னாடை போத்தப் போறோம்" என்றார். "கார் வச்சிருக்கிறவங்களே லேட்டா வாராங்க. நீங்க ரெண்டு பஸ் ஏறி வாரீங்க. எவ்ளோ சுசா, எவ்ளோ கஷ்டம் அது!"

"ஐயா, எனக்கு அதெல்லாம் எதுக்கு..."

"வீட்டுப் பக்கத்துலயே ஒரு சர்ச் இருக்கு பாஸ்டர், வரும்போது பாத்தீங்களா?" என்றார் கமலா டீச்சர். "அதையும் தாண்டி நம்மகிட்ட வாராங்க. இது தாகம் இல்லாம வேற என்ன?"

"டீச்சர், நான் மூணு நாலு வாரமா வரவே இல்லையே."

"முட்டி வலின்னு தெரியும் லா பாட்டிம்மா. மனசு அங்கதானே இருந்திருக்கும்."

இல்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் ஆரஞ்சை உரித்து அவர்களுக்குக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை விழா. ஷீலா காரில் கூட்டிக்கொண்டு போனாள். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை, அதில் முழு இருதயத்தோடு தேடுவோம் என்று எழுதி, கைகூப்பி நிற்கிற என் படத்தையும் போட்டிருந்தார்கள். என் முகத்தை நானே பார்க்க முடியவில்லை. கமலா டீச்சர் மைக்கைப் பிடித்து என்னைப் பற்றிப் பேசினார். பஸ்ஸைப் பற்றி, மழையைப் பற்றி. எல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னார்:

"இவங்க சொந்த ஓரகத்தி தவறிட்டாங்கன்னு செய்தி வந்தப்போ நான் பக்கத்துல இருந்தேன். பாட்டிம்மா ஜெபத்த விட்டு எந்திரிக்கவே இல்ல. மறுநாள் அடக்கத்தன்னிக்கும் நம்மளோடதான் இருந்தாங்க. ஆண்டவருக்கு மொத எடம் கொடுக்கிறதுன்னா இதுதான்!"

எல்லாரும் கை தட்டினார்கள். ஷீலா மட்டும் தட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா, உங்களுக்காக நான் அழவில்லை, மண் போடவில்லை. அதற்குத்தான் கை தட்டினார்கள். பொன்னாடை தோளில் விழுந்தபோது உடம்பெல்லாம் கூசியது.

மைக்கை என் கையில் கொடுத்து ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "நான் அவ்வளவு நல்லவ இல்ல" என்று மட்டும் வந்தது. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"என்ன தாழ்மை பாருங்க!" என்றார்கள். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். எழுத்தில் இருந்தால் தாழ்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. போதகர் ஐயா, இதில் ஒன்றையும் வெட்டாமல் போடுங்கள். பொன்னாடை ஷீலாவிடம் இருக்கிறது, யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

விழாவுக்கு மறுநாள் மத்தியானம் நான் சின்னக் கோயிலுக்கு நடந்து போனேன். ரூபி உள்ளே தரை துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் என்னைப் பார்த்துத் துடைப்பதை நிறுத்தினாள்.

"சித்தியா? இன்னிக்கு மழ கொட்டப் போவுது" என்றாள். "செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க. இப்பதான் தொடச்சேன்."

பெஞ்சில் உட்கார்ந்தேன். நேராகக் கேட்டுவிட்டேன். "ஒங்கம்மா என்னைப் பத்தி என்ன சொல்லுவாங்க?"

"என்ன சொல்லணும்?"

"அந்த மரத்துக் கதை. நான் மரத்தக் கும்புட்டேன்னு."

"என்ன மரம்?"

முழுசாகச் சொன்னேன். ஊதாச் சேலை வரைக்கும் சொன்னேன். ரூபி சிரித்துவிட்டாள். "சொல்லியிருப்பாங்க. அம்மா யாரத்தான் சொல்லல? என்னையப் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்டயே, 'இவ மீன் கழுவுனா பாதிச் செதில் அதுலயே இருக்கும்'னு சொன்னவங்க. சொல்லுவாங்க, அப்பறம் மறந்துருவாங்க. எங்ககிட்ட ஒரு நாள்கூட இந்தக் கதைய சொன்னதில்ல."

"மறக்கல ரூபி. ஞாயித்துக்கிழமை ஆனா கேட்டுல நின்னு என்னையேதான் பாத்துக்கிட்டு இருப்பாங்க. நான் பஸ்ஸுக்கு நிக்கிறத."

அவள் துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "சித்தி, அம்மாவுக்குக் கண்ணுல பொற விழுந்து எத்தன வருசமாச்சு! ஆப்பரேசன்னா பயந்துகிட்டு கடைசி வரைக்கும் போகல. கேட்டுல நின்னது, வாரவங்க காலடிச் சத்தத்தக் கேட்டுக் கையப் புடிக்கத்தான். ரோட்டுக்கு அந்தாண்ட ஆனையே நின்னாலும் அவங்களுக்குத் தெரியாது."

நான் வாசல் வழியாக, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்தேன்.

"அடக்கத்துக்கு வந்திருக்கலாம் சித்தி" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழுந்து வாளித் தண்ணீரை ஊற்றப் போய்விட்டாள்.

அக்கா, அத்தனை வருசம் நான் முதுகை நிமிர்த்தி நின்றது யாருக்கு? நீங்கள் பார்க்கவே இல்லை. நீங்கள் என்னோடு போட்டியே போடவில்லை. கஞ்சிச் சேலையையும் பெரிய எழுத்து வேதத்தையும் அணைத்துக்கொண்டு, பார்வை இல்லாத ஒரு மனுசிக்கு எதிரே நான் பக்தி காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பார்த்துக்கொண்டிருந்தது ஒருத்தர்தான். அவர் பார்க்கிறார் என்ற நினைப்பு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வந்ததில்லை. இதை எழுதும்போது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நீங்கள் அன்றைக்குச் சொன்னது பாதிதான் சரி. ஆண்டவருக்காக நான் முங்கவில்லை, வாஸ்தவம். ஆனால் அந்த மரத்தைத் தொட்டபோது, இருட்டில், காப்பாற்று என்று கேட்டேனே, அதில் யாருக்கும் எதையும் காட்ட வேண்டியிருக்கவில்லை. பேர் தெரியாமல் கேட்டிருப்பேன், ஆனால் முழு மனசோடு கேட்டேன். நீங்கள் சிரித்த பிறகு கை மரத்துக்குப் போகவில்லை. பேர் சரியாகத் தெரிந்துகொண்டேன். மனசுதான் போய்விட்டது. இதை உங்கள் தலையில் கட்டலாமா? கட்டத்தான் ஆசை. ஆனால் ஒரு சிரிப்பை இத்தனை வருசம் ஊட்டி வளர்த்தது நீங்கள் இல்லையே.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். எழுத மாட்டேன். அந்தச் சிரிப்பு இன்னும் குத்துகிறது. இன்னொரு பொய் எனக்கு வேண்டாம். ஆனால் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கிறேன். அதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தே கேட்கிறேன்.

அன்றைக்கு ரூபி வெளியே போன பிறகு, முழங்காலில் நிற்காமல், உட்கார்ந்தபடியே ஜெபிக்கப் பார்த்தேன். பழகிய வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் யாரோ கேட்பதற்காகச் செய்த வார்த்தைகள். ஒவ்வொன்றாக வேண்டாம் என்று தள்ளினேன். கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. "நீர் எனக்கு வேணுமான்னே எனக்குத் தெரியல" என்று சொன்னேன். அவ்வளவுதான். அது ஜெபத்தில் சேருமா அக்கா? உங்கள் பக்கம் இருப்பவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் எழுந்து ஓடவில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் அதற்குப் பிறகும் அந்தப் பெஞ்சில் போய் உட்காருவேன். வேண்டும் என்று மனசு சொல்லும் வரைக்கும், சொல்லாவிட்டாலும், போவேன். ஆனால் அது நடந்ததா, ஆண்டவர் எனக்கு அகப்பட்டாரா என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். மேடையில் சொல்ல மாட்டேன், பத்திரிகைக்கும் எழுத மாட்டேன். உங்களிடமும் சொல்ல மாட்டேன் அக்கா. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நான் நினைத்த அந்த நிமிசமே எல்லாம் மறுபடியும் பழையபடி ஆகிவிடும். அதனால் இதுவே நான் உங்களுக்கு எழுதுகிற முதலும் கடைசியும்.

இனிமேல் உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடக்கப் பழகுகிற,
உங்கள் ஓரகத்தி,
லீதியாள்